சத்துணவு வரிசையில் ஒரு ஐ.இ.பி.

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு, மொத்தம் 23 பிள்ளைகள். இரண்டாம் வகுப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கியிருக்கிறார்கள். சாதுவான பிள்ளை. பேச்சு ஒற்றைச் சொல்லில்தான் வரும். பல நேரம் நான் சொன்னதையே திருப்பிச் சொல்வான். கூப்பிட்டால் சில சமயம் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்காரும் மூன்றாம் வகுப்புப் பெண்தான் அவனுக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். அதனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் புதன்கிழமை வருவார். எல்லாப் புதனும் வர முடிவதில்லை. அவர் கொடுத்த ஐ.இ.பி. (அவனுக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டம்) தாளில் ஏழு இலக்குகள் இருக்கின்றன: தேவைகளைக் கேட்பான், இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்வான், பத்து வரை பொருள்களை எண்ணுவான், பத்து நிமிடம் இடத்தில் அமர்வான், தன் பெயரைப் படிப்பான், நுண்தசைத் திறன் மேம்படும், சமூகத் திறன் மேம்படும். தினமும் அரை மணி நேரம் தனியாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுங்கள் என்கிறார். எண்ணும் எழுத்தும் (அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே மூன்று நிலைகளைப் பார்க்கிறேன். நடுவில் செயலி, பதிவேடு. அரை மணி நேரத்துக்கு எங்கே போவேன்? அவனை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த அரை மணி நேரம் உங்களிடம் இல்லை. அதை ஒத்துக்கொண்டே பேச ஆரம்பிக்கலாம். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருப்பவரிடம் தினமும் அரை மணி கேட்பது கேட்பவருக்குச் சுலபம். நீங்கள் எப்படியோ ஒதுக்கினாலும் முதல் வாரம் நடக்கும். இரண்டாம் வாரம் சி.ஆர்.சி. (குறுவள மையம்) கூட்டம் வரும், மூன்றாம் வாரம் தேர்வு வரும், அப்புறம் நின்றுபோகும். நானும் சிறப்புக் கல்வியில் இருப்பவள்தான். எங்கள் ஆட்கள் எழுதும் ஐ.இ.பி.களில் நிறைய இப்படித்தான் பீரோவுக்குள் போய்ச் சேர்கின்றன.

ஆனால் அந்த அரை மணி கிடைத்தாலும், நீங்கள் எழுதியிருக்கும் இலக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை நான் சொல்லமாட்டேன். வராண்டாவில் தனியாக உட்காரவைத்துப் படத்தைக் காட்டி "முட்டை வேணும்" என்று சொல்லிக்கொடுத்தால், பையன் வராண்டாவில் சொல்வான். முட்டை கிடைக்கும் இடத்தில் பேசாமல் நிற்பான். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் சிரமமான வேலை. டிரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977இல் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் இன்றும் பேசப்படுகிறது. பயிற்சியைக் கொடுத்துவிட்டு, அது மற்ற இடங்களுக்குத் தானாகப் பரவும் என்று நம்பிக் காத்திருப்பதுதான் அதிகம் நடக்கிறது என்று அதில் சுட்டிக்காட்டினார்கள். அதனால் கேட்கும் பழக்கத்தைக் கேட்க வேண்டிய இடத்திலும், எண்ணுவதை எண்ண வேண்டிய இடத்திலும் சொல்லிக்கொடுப்பதே நல்லது. நேரமும் மிச்சம்.

முதலில் அந்தத் தாளைச் சரிசெய்வோம். ஏழு இலக்கு வேண்டாம், இப்போதைக்கு மூன்று போதும். 'மேம்படும்' என்று முடியும் இரண்டையும் ஓரமாக வையுங்கள். நுண்தசைத் திறன் மேம்பட்டதா என்று டிசம்பரில் உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பார்த்துச் சொல்ல முடியாததை இலக்கு என்று எழுதக்கூடாது. அவன் தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் தானே திறக்கிறானா, சட்டைப் பித்தானைப் போடுகிறானா என்று மாற்றி எழுதித் தரும்படி சிறப்புப் பயிற்றுநரையே கேளுங்கள். பத்து நிமிடம் உட்காருவதையும் இப்போது விட்டுவிடலாம், காரணம் பிறகு சொல்கிறேன். பெயரைப் படிப்பது வேறு வகை வேலை, அதற்கும் வருகிறேன். மிச்சம் மூன்று: கேட்பது, எண்ணுவது, சொன்னதைச் செய்வது. இந்த மூன்றும் உங்கள் பள்ளியின் அன்றாடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேட்பதில் தொடங்குவோம், இதுதான் பெரிது.

உங்கள் பையன் ஒரு நாளில் எத்தனை பொருள்களைக் கேட்காமலே வாங்கிக்கொள்கிறான் என்று ஒரே ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தட்டு, சாப்பாடு, தண்ணீர், நோட்டு, பலப்பம், கலர் பென்சில் எல்லாம் வந்துவிடுகின்றன. யாரோ ஒருவர் அவன் முகத்தைப் பார்த்தே கொடுத்துவிடுகிறார். அன்பினால் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் வாயைத் திறக்க அவனுக்கு ஒரு காரணமும் மிஞ்சுவதில்லை.

இதற்குச் சாப்பாட்டு வரிசையைப்போல வசதியான இடம் பள்ளியில் வேறில்லை. முன்பு மதியம் மட்டும்தான் இருந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இப்போது காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று வாரத்துக்குப் பத்து வரிசைகள். அவனுக்குப் பசி இருக்கும், எதிரே அவனுக்குப் பிடித்தது இருக்கும், கொடுக்கிறவர் முகம் பழகியதாக இருக்கும். எந்தப் படஅட்டையாலும் இதை உண்டாக்க முடியாது.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். பரிமாறுகிற அக்காவிடம் முன்பே சொல்லிவையுங்கள். அவன் முறை வரும்போது முட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்து, பேசாமல் நிற்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை எண்ண வேண்டும். அவ்வளவுதான். "முட்டை" என்று அவன் சொன்னால் உடனே வைத்துவிட்டு, வைக்கும்போதே "முட்டை வேணும்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்ல வேண்டும். அவன் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, காதில் விழுந்தால் போதும். ஐந்து எண்ணியும் பேச்சு வரவில்லையென்றால் "முட்டை வேணும்" என்று அக்காவே ஒருமுறை சொல்லிக்காட்டி, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, வைத்துவிட வேண்டும்.

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் முட்டை அவன் தட்டுக்குப் போக வேண்டும். இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். "கேட்டால்தான் கொடுப்பேன்" என்று சாப்பாட்டைப் பிடித்துவைப்பது பயிற்சி ஆகாது. சாப்பாடு அவன் உரிமை. நாம் தள்ளிப்போடுவது சில விநாடிகளைத்தான். உங்களுக்கு இதிலேயே உறுத்தல் இருந்தால் முதல் பரிமாறலை விட்டுவிட்டு, இரண்டாம் தடவை சாம்பாரோ சோறோ வாங்கும்போது மட்டும் செய்யுங்கள். உண்மையில் அதுதான் இன்னும் பொருத்தமான இடம். இரண்டாம் தடவை வேண்டுமா வேண்டாமா என்பது அவன் சொன்னால்தானே தெரியும்? எல்லாப் பிள்ளைகளும் அங்கே கேட்டுத்தானே வாங்குகிறார்கள்?

இது நானாகச் சொல்வதல்ல. ஜேம்ஸ் ஹாலேயும் அவருடன் வேலைசெய்தவர்களும் 1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதையேதான் பார்த்தார்கள். விடுதியில் இருந்த, பேச்சு மிகவும் பின்தங்கிய ஆறு பிள்ளைகள். சாப்பாட்டுத் தட்டைக் கொடுப்பதற்கு முன் 15 விநாடி தாமதித்தார்கள். இரண்டு பிள்ளைகள் அந்தத் தாமதம் ஒன்றாலேயே கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று பேருக்கு எப்படிக் கேட்பது என்று சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்கு மட்டும் தனியாகத் தீவிரப் பயிற்சி தேவைப்பட்டது. ஆறில் ஒருவருக்கு இது போதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் பையன் எந்த வகை என்பது இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

15 விநாடி உங்கள் வரிசைக்கு அதிகம். பின்னால் நிற்கும் பிள்ளைகள் தள்ளுவார்கள். ஐந்து போதும். அந்த ஐந்துமே லேசானதல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக உயர்த்தினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அது எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகள் வகுப்பு. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து விநாடி சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அவன் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு எச்சரிக்கை. "என்ன வேணும்? முட்டை வேணும்னு சொல்லு" என்று நாம் கேட்டால், இந்தப் பிள்ளைகள் "முட்டை வேணும்னு சொல்லு" என்று முழுதாகத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு எப்போது முட்டை வேண்டியிருந்தாலும் அந்த 'சொல்லு' ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே 'சொல்லு' என்ற சொல்லை அவனிடம் பயன்படுத்தாதீர்கள். கேள்வியும் வேண்டாம். அவன் வாயிலிருந்து என்ன வர வேண்டுமோ அதை மட்டும், அவன் சொல்வதுபோலவே சொல்லிக்காட்டுங்கள். "முட்டை வேணும்", "தண்ணி குடிக்கணும்", "பாத்ரூம் போகணும்". "எனக்கு நீர் அருந்த வேண்டும்" என்று புத்தகத் தமிழில் எதிர்பார்ப்பவர்களும் உண்டு, பாவம் அந்தப் பிள்ளை. வீட்டில் பேசுகிற மாதிரி பேசட்டும்.

பேச்சால் செய்யும் உதவியில் இன்னொரு சிக்கல், அதைப் பின்னால் குறைப்பது கஷ்டம். கை பிடித்துச் செய்யவைத்தால் மெல்ல மெல்லக் கையை எடுத்துவிடலாம். "ம்... சொல்லு, என்ன வேணும்?" என்று பழக்கிவிட்டால் அதற்காகவே காத்திருப்பான். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மௌனம், அப்புறம் ஒரு பார்வையோ சைகையோ, கடைசியில்தான் பேச்சு.

சிறப்புக் கல்விப் பயிற்சிகளில் இன்னொன்றும் சொல்வார்கள்: பிடித்த பொருளை அலமாரி மேலே எட்டாத உயரத்தில் வையுங்கள், டப்பாவை இறுக்கி மூடிக் கொடுங்கள், அவன் கேட்பான் என்று. 23 பிள்ளைகள் இருக்கும் அறையில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறொரு பிள்ளை ஏறி எடுத்துக்கொடுத்துவிடும், இல்லை அவனே ஏறுவான். செயற்கையாகப் பற்றாக்குறை உண்டாக்கத் தேவையே இல்லை. எல்லாருக்கும் பயிற்சி நூல் கொடுத்துக்கொண்டே வரும்போது அவனிடம் வந்ததும் ஐந்து விநாடி நில்லுங்கள். சிலேட்டைக் கொடுத்துவிட்டுப் பலப்பத்தைக் கையில் வைத்திருங்கள். போதும்.

"அவனை மட்டும் ஏன் டீச்சர் கேட்கச் சொல்றீங்க?" என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். பேசாமல் எல்லாருக்கும் பொது வழக்கமாக்கிவிடுங்கள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் என்ன வேண்டும் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். அவனுக்கு முன்னால் நிற்கும் மூன்று பேர் "முட்டை வேணும்", "பழம் வேணும்" என்று சொல்லி வாங்குவதை அவன் பார்த்துக்கொண்டே வருவான். அதைவிட நல்ல முன்மாதிரி யார் கொடுக்க முடியும்? முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறோமே, அது இங்கே நல்ல வசதி. ஒரே சொல்லை எல்லாரும் பாட்டாகச் சொல்லாமல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சொல்கிறார்கள்.

அடுத்தது எண்ணுவது. ஒன்று முதல் பத்து வரை அவன் ஒப்பிப்பான் என்றே நினைக்கிறேன். திருப்பிச் சொல்கிற பிள்ளைகளுக்கு அது வந்துவிடும். அது எண்ணுவது ஆகாது. நான்கு கட்டைகளை வைத்து "எத்தனை?" என்று கேளுங்கள். "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு" என்பான். "அப்போ எத்தனை?" என்று மறுபடி கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடவில்லை என்று அர்த்தம். பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, எண்ணச் சொல்லாமல் கொண்டுவரச் சொல்வது. குவியலிலிருந்து "மூணு எடுத்துட்டு வா" என்றால் மூன்றில் நிறுத்தத் தெரிய வேண்டும். சும்மா எண்ணுகிற பிள்ளைகளில் பலர் இங்கே கை நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள்.

இதற்கும் சாப்பாட்டு நேரமே போதும். அவன் உட்காரும் வரிசையில் எத்தனை பேர்? நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கு பேருக்கும் டம்ளர் எடுத்துவருவது அவன் வேலை. மூன்று கொண்டுவந்தால் ஒருத்திக்கு டம்ளர் இல்லை. நீங்கள் தப்பென்று சொல்லத் தேவையே இல்லை, அவளே "எனக்கெங்கடா?" என்பாள். ஐந்து கொண்டுவந்தால் கையில் ஒன்று மிஞ்சும். முதலில் இரண்டு பேருக்கு மட்டும் கொண்டுவரட்டும். இரண்டு சரியாக வந்த பிறகு மூன்று. பத்துக்கு இந்த வருடம் போக வேண்டும் என்று ஒன்றுமில்லை. ஐந்து வரை உறுதியாக வந்தால் நான் சந்தோஷப்படுவேன். யாராவது வராத நாள் வந்தால் தவறவிடாதீர்கள். நான்கு பேர் வரிசையில் இன்று மூன்று பேர் என்பதுதான் அவனுக்கு உண்மையான கணக்கு. நாளும் நான்கே என்றால் பழக்கத்தில் கொண்டுவருகிறானா எண்ணிக் கொண்டுவருகிறானா என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது, சொன்னதைச் செய்வது. வகுப்பில் கட்டளைகளை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, தேதியைப் போட்டு, கீழே கோடு போடுங்க." எடுத்து, திறந்து, போட்டு என்று நம் பேச்சில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும், வாக்கியம் முடியும் இடம் கடைசியில்தான் வரும். மற்ற பிள்ளைகள் இதில் தடுமாறுவதில்லை. இவன் கடைசித் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, திறக்காத நோட்டின் அட்டையில் கோடு போடுவான். குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கென்று சொல்லும்போது ஒவ்வொன்றையும் முடித்து முடித்துச் சொல்லுங்கள். "நோட்டை எடு." எடுத்த பிறகு "திற." ஒவ்வொன்றும் தனித்தனியாக உறுதியான பின்புதான் இரண்டைச் சேர்ப்பது.

இன்னொரு சங்கதி, அவன் உங்கள் சொல்லைக் கேட்டுச் செய்கிறானா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறானா? பார்த்துச் செய்வதும் நல்ல திறன்தான், அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் இலக்கு நிறைவேறியது என்று எழுதும் முன், வேறு யாரும் செய்யாத ஒரு வேலையைக் கை நீட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். "டஸ்டரை எடு, அக்காகிட்ட கொடு." "பதிவேட்டை எடுத்துக்கோ, எச்.எம். ரூம்ல வை." நாளுக்கு இரண்டு முறை இப்படித் தூது போகும் வேலை வகுப்பில் எப்படியும் இருக்கும். இதுவரை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பீர்கள். அதில் ஒன்றை இவனுக்கு எழுதிவையுங்கள்.

பத்து நிமிடம் உட்காரும் இலக்கை விடச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். அவனுக்குப் புரியாத பாடம் நடக்கும்போது அவன் ஏன் உட்கார வேண்டும்? நானானாலும் எழுந்துபோவேன். எழுந்து நடக்கிற வேலைகளை நடுநடுவே கொடுத்து, உட்காரும்போது கையில் செய்ய ஏதாவது கொடுத்தால் உட்காரும் நேரம் தானாகக் கூடும். கூடாவிட்டால் அப்போது பார்ப்போம்.

இந்த மூன்றையும் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் நாளின் நேரங்கள்: வருகை, காலை உணவு, வணக்கக் கூட்டம், முதல் பாடவேளை, இடைவேளை என்று கடைசி மணி வரை. மேலே மூன்று இலக்குகள். எங்கே எது இயல்பாக வருகிறதோ அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப ஆசை வரும், செய்யாதீர்கள். மொத்தம் ஐந்தாறு கட்டம் நிரம்பினால் நிறைய. வணக்கக் கூட்டத்தில் அவன் நண்பர்களோடு நிற்கட்டும், அங்கே ஒரு இலக்கும் வேண்டாம். விளையாட்டு நேரத்தையும் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் யாரோ ஒருவர் தன்னைச் சோதித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் பள்ளி பிடிக்காது.

பதிவு எழுதுவதற்கு இன்னொரு பதிவேடு தொடங்காதீர்கள், ஏற்கெனவே இருப்பவை போதும். ஒவ்வொரு இலக்குக்கும் நாளுக்கு ஒரே ஒரு குறிப்பு, அதுவும் அன்றைய முதல் வாய்ப்புக்கு மட்டும். தானாகச் செய்தால் 'தா', சைகை காட்டிச் செய்தால் 'சை', சொல்லிக்காட்டிச் செய்தால் 'சொ', கை பிடித்துச் செய்தால் 'கை'. முதல் வாய்ப்பு ஏன் என்றால், நேற்றுக் கற்றதில் இன்றைக்கு எவ்வளவு நின்றிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். நான்கைந்து தடவை சொல்லிக்கொடுத்த பிறகு சாயங்காலம் சரியாகச் செய்வது பெரிய செய்தியல்ல. இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் 'சொ' நிறைந்த வரி 'சை' பக்கம் நகர்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனத்திடம் வைக்கிறது. பார்வைக்கு வருகிறவர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இனி அந்த மூன்றாம் வகுப்புப் பெண். அவளைப் பற்றி நீங்கள் நிம்மதியாக எழுதியிருந்தீர்கள், எனக்கு அங்கேதான் கவலை வந்தது. பை திறந்து நோட்டை எடுத்துக்கொடுப்பது, அவனுக்காகப் பேசுவது, தட்டைக் கழுவுவது எல்லாம் அவளே செய்கிறாள் என்றால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. நீங்கள் ஐந்து எண்ணுவதற்குள் அவள் "டீச்சர், அவனுக்கு முட்டை வேணுமாம்" என்றுவிடுவாள். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கென்று நியமிக்கப்பட்ட உதவியாளர்களே இப்படி அளவுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் தீங்கை மைக்கேல் ஜியான்கிரெகோவும் உடன் பணியாற்றியவர்களும் 1997இலேயே எழுதினார்கள். பிள்ளை மற்றவர்களிடமிருந்து விலகுகிறது, பெரியவரையே சார்ந்து நிற்கிறது, வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் தன் பொறுப்பு என்று நினைப்பதும் குறைகிறது. சின்னப் பெண்ணிடம் இது இன்னும் சுலபமாக நடந்துவிடும். நம் பள்ளிகளில் இந்த வேலை பெரும்பாலும் ஏதாவது ஒரு பொறுப்பான பெண் பிள்ளை தலையில்தான் விழுகிறது. அவளுக்கும் படிக்க வேண்டும், விளையாட வேண்டும்.

அவளை ஒரேயடியாக விலக்கிவைக்காதீர்கள், மனம் நொந்துபோவாள். காத்திருப்பதை அவளுக்கும் சொல்லிக்கொடுங்கள். "அவன் கேட்கட்டும்மா, நீ மனசுக்குள்ள அஞ்சு எண்ணு" என்றால் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள், அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். கூடவே, பக்கத்தில் உட்காரும் பிள்ளையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே ஆளிடம் பேசப் பழகுவதற்கும் நான்கு பேரிடம் பேசப் பழகுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அன்றாட வேலைகளுக்குள் எல்லாவற்றையும் நுழைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தன் பெயரைப் படிப்பது, எழுத்தறிவது போன்றவற்றுக்கு உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கற்பதற்கு ஐந்து பத்து நிமிடத் தனிக் கவனம் தேவை. கற்றதை நிலைநிறுத்தத்தான் அவன் பெயர் எழுதியிருக்கும் வருகைப் பலகையும் நோட்டு அட்டையும். அந்தப் பத்து நிமிடத்தை மொட்டு நிலைப் பிள்ளைகள் தாங்களாகச் செயல்பாடு செய்யும் வேளையில், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் அதைச் சிறப்புப் பயிற்றுநரின் புதன்கிழமைக்கு விடுங்கள். கழிப்பறைப் பழக்கம் ஏதாவது இலக்கில் வந்தால் அதையும் வகுப்பின் பொது வழக்கத்தில் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கும் மானம் உண்டு.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவர் வந்ததும் பையனை வராண்டாவுக்குக் கூட்டிப்போகாமல், முதலில் சாப்பாட்டு வரிசையில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். பரிமாறுகிற அக்கா எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எந்தச் சொல்லைக் கொடுக்கிறார், எங்கே அவசரப்படுகிறார் என்று அவர் பார்த்துச் சொன்னால், அவர் வராத நாள்களிலும் அது வேலைசெய்யும். ஒரு நாளில் அவரால் இவ்வளவுதான் முடியும் என்பதில் அவர் தப்பு ஏதுமில்லை. தொடக்க நிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் சொன்னது. அந்த எண்ணிக்கை நம் ஒன்றியங்களுக்கு வரும்வரை, வருகிற ஒருவரின் நேரத்தை உங்கள் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி தரப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை. வீட்டில் புதிதாக எதுவும் செய்யச் சொல்லாதீர்கள், இருக்கிற வேலையே அவருக்கு மூச்சு முட்டும். தண்ணீர் கொடுக்கும்போது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து எண்ணச் சொல்லுங்கள், அது மட்டும் போதும். பாட்டி வீட்டில் இருந்தால் அவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். பாட்டிகள்தான் இதில் சீக்கிரம் தோற்றுப்போவார்கள்.

இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்றைச் செய்துவிடுங்கள். கூப்பிட்டால் சில சமயம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அறிவுசார் குறைபாடு என்று ஒரு சான்றிதழ் வந்துவிட்டால் எல்லாவற்றையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவோம். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் திரும்பமாட்டான், ஒற்றைச் சொல்லில்தான் பேசுவான், வகுப்புக் கட்டளையில் பாதியைத் தவறவிடுவான். சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் கேட்காது. அவன் கோப்பில் செவித்திறன் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா, இருந்தால் எந்த வருடத்தது என்று பாருங்கள். இல்லையென்றால், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகவும் அனுப்பலாம். அது முடியும்வரை அவனை முன் வரிசையில், உங்கள் முகம் தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.